எட்டுச் சுற்றுக்கு எட்டுச் சரம்

கடப்பாக்கத்தில் பனி என்றால் மீன் பெட்டியில் மீனுக்கு மேல் கொட்டுகிற ஐஸ்தான். அந்த ஊர்ப் பெண் ஜெனிட்டா பயத்லான் உலகப் போட்டியில் ஓடப் போகிறாள் என்ற செய்தி பரவிய அன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாதி வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. மீதிப் பாதி நிற்காததற்குக் காரணம் பிரேக் பிடிக்காததுதான்.

மலை எல்லைக் காவல் படையில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவள். அங்கே அவள் குறி பார்த்துச் சுடுவதைப் பார்த்துவிட்டுக் காலில் பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிவிட்டார்கள். லீவுக்கு வரும்போது, ரோட்டில் சறுக்கிப் பழக, சக்கரம் வைத்த கட்டைகளோடு வருவாள். ஆலம்பரைக் கோட்டையிலிருந்து கல்பாக்கம் வரை அவளைத் துரத்தாத நாய் கிடையாது. துரத்தி இளைத்த நாய்கள் இன்றும் அந்தப் பக்கம் மெலிந்துதான் திரிகின்றன.

போட்டி இப்படி: பனியில் மூச்சு முட்டச் சறுக்கி ஓட வேண்டும். நடுவே நின்று, முதுகில் கிடக்கும் துப்பாக்கியை எடுத்து ஐந்து கறுப்பு வட்டங்களைச் சுட வேண்டும்; குண்டு பட்டது வெள்ளையாகிவிடும். ஒருமுறை படுத்துக்கொண்டு, இன்னொருமுறை நின்றுகொண்டு. தவறிய ஒவ்வொரு குறிக்கும் பக்கத்திலுள்ள சின்ன வளையத்தை ஒருமுறை கூடுதலாகச் சுற்ற வேண்டும். தண்டனை அது.

இந்தக் கடைசி விஷயம் ஊரில் அவள் அப்பா ஞானதாஸுக்கு மட்டும்தான் தெரியும். போனில் விளக்கியவள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள்.

"கடைசியா மட்டும் வந்துடக் கூடாதுப்பா. வந்தா லேடீஸ் டீமையே கலைச்சுடுவேன்னு ஆபீசர் சொல்ட்டாரு. அப்பால கேம்ப் கேட்ல நிக்க வேண்டியதுதான்."

ஞானதாஸ் மாமல்லபுரத்து ரிசார்ட் ஒன்றின் கேட்டில் வருஷக்கணக்காக நிற்பவர். கேட்டில் நிற்பது என்றால் என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

போட்டி நாள் சாயங்காலம் மாதா கோயில் ஹாலில் திரை கட்டினார்கள். ஜெனிட்டாவோடு படித்த ரோகிணியின் அப்பா, கல்பாக்கம் அணு ஆராய்ச்சியில் இருக்கும் நரசிம்மன், லேப்டாப்போடு வந்திருந்தார். ரேடியோ செட் பெஞ்சமின், மாதா திருவிழாவில் மிஞ்சிய பட்டாசுச் சரங்களை மூட்டையாகக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். இந்த ஊர்த் தேர்பவனியில் தேர் கோயிலைச் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சரம் வெடிக்கும். யார் வீட்டு நேர்ச்சைக்காகவாவது தேர் கூடுதலாக ஒரு சுற்று வந்துவிட்டால், அந்த வீட்டுக்காரர்களின் தலை ஒரு வருஷத்துக்குத் தரையைப் பார்க்காது.

ஓட்டக்காரிகளை அரை நிமிஷத்துக்கு ஒருத்தியாக விட்டார்கள். அதனால் யார் முன்னே, யார் பின்னே என்று ஹாலில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. வர்ணனை, கொதிக்கிற எண்ணெயில் அப்பளம் போட்டது மாதிரி ஏதோ ஒரு மொழியில் பொரிந்துகொண்டிருந்தது. கேமரா சுடுகிற இடத்தைவிட்டு நகரவே இல்லை.

ஜெனிட்டா படுத்துச் சுட்டாள். மூன்று தவறின. வளையத்துக்குள் போனாள்.

ஞானதாஸின் அக்கா செங்கம்மாள் முன்வரிசையிலிருந்து திரும்பினார். "பாத்தியாடா ஞானதாசு? மத்தவளுங்கல்லாம் சுட்டுட்டு ஓடிப் போறாளுங்க. நம்ப பொண்ணு சுத்திகினே கீது. இன்னா தெம்பு அதுக்கு."

பெஞ்சமினுக்கு அது போதும். முதல் சரம் வெடித்தது. இரண்டாம் சுற்றுக்கு இரண்டாவது. மூன்றாவது சரத்தின் சத்தத்துக்குக் கடல் இரண்டடி பின்வாங்கியதாக மறுநாள் கரையில் பேசிக்கொண்டார்கள்.

நரசிம்மன் இதற்குள் விதியை எங்கோ தேடிப் படித்துவிட்டு, முகம் வெளுத்து, "இது வந்து..." என்று எழுந்தார். ஞானதாஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார்.

"தெரியும் சார். வுட்டுடுங்க."

ஞானதாஸுக்கு ஒரே நம்பிக்கை, ஜெனிட்டாவைப் போலவே தத்தளித்துக்கொண்டிருந்த சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தி. பனியே விழாத வேறு ஏதோ தேசத்துப் பெண். யார் பெற்ற பிள்ளையோ, அவள் தவற வேண்டும் என்று மாதாவிடம் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே கேட்டார்.

சிவப்புச் சட்டைக்காரிக்கு இரண்டு தவறின. இரண்டே சுற்று. போய்விட்டாள்.

ஜெனிட்டா நின்று சுட்டாள். காற்றில் துப்பாக்கி முனை ஆடுவது திரையிலேயே தெரிந்தது. ஐந்து வட்டங்களும் கறுப்பாகவே இருந்தன. அவள் ஒரு கணம் அவற்றைப் பார்த்தாள். பிறகு வளையத்துக்குள் போனாள்.

ஐந்து சுற்று. ஐந்து சரம். ஹாலில் எண்ணிக்கையைக் கோரஸாகச் சொன்னார்கள். கைக்குழந்தைகள்கூட எண்ணின என்று செங்கம்மாள் இன்றும் சத்தியம் செய்வார். ஞானதாஸ் மட்டும் எண்ணாமல் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஜெனிட்டா முடிவுக் கோட்டைத் தொடுவதற்குள் திரை வேறு யாரோ மூன்று பேருக்குப் பூங்கொத்து கொடுக்கப் போய்விட்டது. பட்டியல் வந்ததும் நரசிம்மன் அடிவரியைப் பார்த்தார், ஞானதாஸைப் பார்த்தார், லேப்டாப்பை மூடினார். நெட் போய்விட்டது என்றார். ஊருக்குக் கவலையில்லை. அத்தனை சுற்று வேறு யார் சுற்றினார்கள்?

ஜெனிட்டாவின் போன் வந்தபோது ஞானதாஸ் கோயில் பின்புறம் போனார். சரங்களில் வெடிக்காமல் கிடந்த வெடிகளைப் பிள்ளைகள் பொறுக்கிக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

"கடைசிப்பா."

"தெரியும்மா."

"அது இன்னா வெடி சத்தம்?"

"நீ சுத்துனதுக்கு."



"எல்லாத்துக்குமா?"

"எட்டுக்கும்."

அவள் சிரித்தாளா, இருமினாளா என்று தெரியவில்லை. ஊர் அதற்குள் தீர்மானித்திருந்ததையும் அவர் சொல்ல வேண்டியிருந்தது. அவள் வந்ததும் சக்கரக் கட்டையில் கோயிலை எட்டுச் சுற்று வர வேண்டுமாம். பெஞ்சமின் பேண்டு வாத்தியத்துக்கே சொல்லிவிட்டானாம்.

"கட்டைய நாளைக்கே ஸ்டோர்ல ஒப்படைக்கச் சொல்ட்டாங்கப்பா. சக்கரம் வெச்சதயும்தான். திங்கக்கெழமைலருந்து கேட்டு."

ஞானதாஸ் ஏதோ ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தார். தெரிந்ததுதான் வந்தது.

"ஒரே கால்ல பாரம் போடாத. மாத்தி மாத்தி நில்லு. முட்டி புடிச்சுக்கும்."

"சரிப்பா."

"வண்டி வராத நேரத்துல ரோட்டையே பாத்துகினு நிக்காத. பொழுது போவாது."

அவள் பதில் சொல்வதற்குள், மிச்சம் இருந்த ஒரு சரத்தையும் பெஞ்சமின் கொளுத்திவிட்டான்.