இது நீங்கள் இல்லை

வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர். கூட வண்டி ஓட்டுகிறவர்கள் அவரை மீசை என்றே கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு ஒரே ஆதாரமான மீசையை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே மழித்துவிட்டார். முத்தம் கொடுக்கப் போனால் கைக்குழந்தை குத்துகிறதென்று வீறிட்டு அழுதது. மகளா மீசையா என்ற கேள்வியில் மனிதர் ரொம்ப யோசிக்கவில்லை.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது வழக்கம்போலக் கைப்பேசிக்கு முகத்தைக் காட்டினார். கம்பெனியின் செயலி உற்றுப் பார்த்தது. "இது நீங்கள் இல்லை" என்றது. ஆள்மாறாட்டம் என்று முடிவுகட்டி, ஐடியை நிரந்தரமாக முடக்கியது. நியாயம் கேட்டு எழுதினார். "உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம்" என்று இயந்திரம் பதில் போட்டது. மறுபடி எழுதினார். மறுபடியும் மதித்தது.

"அந்தக் கம்பெனியில மனுஷன்னு யாருமே இல்லியாங்க?" என்றாள் மனைவி. வீடு ஓடுவதே அந்த ஐடியில்தான். குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு இருவரும் தொழிலாளர் அலுவலகப் படியேறினார்கள்.

விசாரணையில் கம்பெனி வக்கீல் குழைந்தார். "மேடம், இவர் தொழிலாளியே இல்ல. எங்க பார்ட்னர்."

"சரி, பார்ட்னரைக் கழட்டிவிடறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுக் கேட்டீங்களா?" என்றார் அதிகாரி அம்மாள்.

"முகம் பொருந்தலியே மேடம். இவர்தான் அவர்னு யாரு சொல்றது?"

மனைவி எழுந்தாள். "நான் சொல்றேன். மீசை இல்லாம உரிச்ச கோழி மாதிரிதான் இருக்காரு. டீ கொடுக்கப் போயி நானே திடுக்கிட்டேன். ஆனா ஆள் இவருதான். சந்தேகம்னா தூங்க வச்சுக் குறட்டையக் கேளுங்க."

மீசைக்குக் காதுவரை சிவந்துவிட்டது. அதிகாரி கோப்புக்குள் முகத்தைப் புதைத்துச் சிரிப்பை விழுங்கினார். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"நீங்க சொல்ற சட்டையப் போட்டுக்கிட்டு, நீங்க சொல்ற நேரத்துல, நீங்க சொல்ற வீட்டுக்குப் போறாரு. இதுக்குப் பேரு வேலை. வேலை செய்றவர விளக்கம் கேக்காம நிறுத்தக் கூடாது. இன்னிக்கே ஐடியத் திறங்க. அதுக்கு முன்னாடி யாராவது இவர்கிட்ட பேசணும். மிஷின் இல்ல, மனுஷங்க."

வராந்தா பெஞ்சில் காத்திருந்தார்கள். கைப்பேசி அடித்தது. கம்பெனியிலிருந்து ஒரு பெண் குரல், நிஜமான தொண்டையிலிருந்து. மீசை மரியாதையாக எழுந்தே நின்றுவிட்டார். ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பேசறது நீங்கதானா?"

"அவருதாம்மா," மனைவி முந்திக்கொண்டாள். "நீ சாப்பிட்டியா?"

இந்தக் கேள்விக்கு அந்தப் பெண்ணிடம் யாரும் பதில் எழுதிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

"ஐடி திறந்தாச்சு சார்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் இல்லக்கா. சீட்டை விட்டு எழுந்தா சம்பளத்துல பிடிச்சுடுவாங்க."

மீசை வாயைத் திறப்பதற்குள் மனைவி கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தொழிலாளர் ஆபீஸ் தெரியுமா கண்ணு? மாடியேறினா இடதுபக்கம் கடைசிக் கதவு. ரொம்ப நேரம் உக்கார வைப்பாங்க, வரும்போது வயித்துக்கு ஏதாவது போட்டுக்கிட்டு வா."