நெவேனா தலையாட்டினாள்

மத்தேயுஸ் எங்கள் சோபியா நகரத்தைச் சுற்றிப் பார்க்க வந்தது இது மூன்றாவது தடவை. லிஸ்பன்காரன். கழுத்தில் கேமரா, கையில் நகர வரைபடம். ஆனால் அவன் பார்ப்பதெல்லாம் எங்கள் விடுதியின் சமையலறையைத்தான்.

"இன்னிக்கு எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டாள் நெவேனா.

"பெரிய சர்ச்சுக்கு."

"முந்தாநாள் அங்கதானே போனீங்க? அது எங்கயும் நகர்ந்து போயிடலையே."

"காலை வெளிச்சத்துல பார்க்கணும்."

"மதியம் ஆகப்போகுது. உக்காருங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்."

நெவேனா என் மனைவி கலினாவின் தங்கை. கலினா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. விடுதியை நானும் நெவேனாவும் நடத்துகிறோம். அவள் பேசுவாள். நான் சாவி கொடுப்பேன். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் என்னோடு பேச ஆள் இல்லை.

மத்தேயுஸ் முதல் தடவை வந்தபோது ஒரு விஷயத்தை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் ஊரில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் 'இல்லை'. இடமும் வலமும் அசைத்தால் 'ஆமாம்'. அது தெரியாமல் அவன், காபி வேண்டுமா என்று கேட்ட கடைக்காரரிடம் தலையை மேலும் கீழும் ஆட்டிவிட்டு வெகுநேரம் காபிக்காகக் காத்திருந்திருக்கிறான்.

நெவேனா முற்றத்து மேசையில் தயிரும், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவும் கொண்டுவந்து வைத்தாள். நான் ஜன்னலோரம் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நெவேனா, நான் ஊர் பார்க்க வரல" என்றான் அவன்.

"அது இந்தத் தெருப் பூனைக்கே தெரியும்."

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு லிஸ்பன் வர்றியா?"

அவள் வாய் நிறைய பனிட்சா. விழுங்கப் பொறுமையில்லாமல் தலையை மேலும் கீழும் பலமாக ஆட்டினாள். அதற்குள் வாசல் மணி அடித்தது. பெரிய பெட்டிகளோடு ஒரு டச்சுக் குடும்பம். கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

மத்தேயுஸ் உள்ளே வந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"டாக்சி கூப்பிட முடியுமா, யாவோர்? ஏர்போர்ட்டுக்கு."

"சர்ச்சுக்குப் போகலையா?"

"போட்டோல பார்த்துக்கறேன்."

மாடியேறிப் போய்விட்டான்.

எனக்குப் புரிந்தது. வெளிநாட்டுக்காரர்களிடம் நெவேனாவின் தலை எப்போதும் அவர்கள் வழக்கப்படிதான் ஆடும். அவனோ நான் சொன்னதை மறக்கவில்லை.

கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினேன். டாக்சியைக் கூப்பிட்டால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நெவேனா கொஞ்ச நாள் அழுவாள். பிறகு பழையபடி நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பதைக் கிண்டல் செய்வாள்.

கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவன் சட்டைகளைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

"அவ உங்க ஊர் வழக்கப்படி தலையாட்டினா."

"என்ன?"

"உங்களுக்காக அவ மாத்தி ஆட்டினா. அவளுக்காக நீங்க மாத்திப் புரிஞ்சுக்கிட்டீங்க. சரின்னுதான் சொன்னா."

"நிச்சயமாவா?"

"தலையைப் பார்க்காதீங்க, வாயால சொல்லச் சொல்லுங்க. 'டா'ன்னா ஆமாம். 'நே'ன்னா டாக்சி கூப்பிடறேன்."

ஒற்றைச் செருப்போடு இறங்கி ஓடினான். படிக்கட்டிலிருந்து நெவேனாவின் குரல் கேட்டது.

"டா, டா, டா. எத்தனை தடவை சொல்லணும்? சும்மா நிக்காதீங்க, இந்தப் பெட்டியைத் தூக்குங்க."

டச்சுக் குடும்பம் ஏன் என்று தெரியாமலேயே கைதட்டியது.

சாயங்காலம் அவள் சமையலறைக்கு வந்தாள்.

"அத்தான், நான் போயிட்டா பனிட்சா யார் சுடுவா?"

"நான்."

"பாவம், விருந்தாளிங்க."

"அவங்க ஊர் பார்க்கத்தானே வர்றாங்க."

"அப்படித்தான் ஒருத்தர் சொல்லிட்டிருந்தார்."

பனிட்சாவுக்குப் பிசைந்த மாவுருண்டையை என் பக்கம் தள்ளினாள். "இழுங்க. அந்தப் பக்கம் இருக்கற என் கை தெரியணும், அவ்வளவு மெல்லிசா."

இழுத்தேன். கிழிந்தது. அவள் அடுத்த உருண்டையை எடுத்து வைத்தாள். அதுவும் கிழிந்தது.