வாயில் வைத்த ஆணி

சாயங்காலமானால் கவ்ரிலாவுக்குக் காய்ச்சல் வந்துவிடும். தேவாலயக் கூரையிலிருந்து இறங்கும்போதே உடம்பு வெடவெடக்கும். இரவெல்லாம் வேர்த்துப் படுக்கை நனையும். காலையில் ஒன்றும் நடக்காதவன் போல மறுபடி ஏணியில் ஏறுவான். மரஓடு வேய்கிறவனுக்குக் கோடையை விட்டால் வேறு காலம் ஏது?

“குறுக்குக் காத்து அடிச்சிருக்கு,” என்றாள் மனைவி வர்வரா. ஊரும் அதையேதான் சொன்னது. ஜன்னலையெல்லாம் அடைத்தார்கள். பிளம் சாராயத்தைச் சூடாக்கி முதுகில் தேய்த்தார்கள். மிச்சத்தை அவன் குடித்தான். இடுப்பு வாரில் புது ஓட்டை போட வேண்டிய அளவுக்கு இளைத்துப்போனான். ஒருநாள் ஏணியின் நடுவில் மூச்சு முட்டி அப்படியே நின்றுவிட்டான். கூட வேலை செய்த தோதெர், வர்வராவின் தம்பி, அவனைத் தோளில் தாங்கி இறக்கிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். ஸ்கேன் எடுத்தார். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் கெட்டுப்போன இதய வால்வு. அதன்மேல் ஏதோ கிருமி கூடு கட்டியிருந்தது. என்ன கிருமி என்றுதான் தெரியவில்லை. ரத்தம் எடுத்து வைத்த புட்டிகளில் எதுவும் வளரவில்லை. ஏற்கெனவே ஒழுகுகிற வால்வு இன்னும் அதிகமாக ஒழுகினால் நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டியிருக்கும் என்றார். நெஞ்சை அறுத்துக்கொண்டவன் எவனும் திரும்பக் கூரை ஏறிக் கவ்ரிலா பார்த்ததில்லை.

“சமீபத்துல பல்லு புடுங்குனீங்களா?”

“இல்லம்மா.”

“ஈறுல புண்ணு, ரத்தம்?”

“அது எப்பவும் இருக்கறதுதானே.”

“எப்பவுமா? ஏன்?”

தோதெர் முந்திக்கொண்டான். “ஆணிதான் டாக்டரம்மா. ரெண்டு கையும் வேலையா இருக்கறப்ப ஆணிய எங்க வைக்கிறது? ஒரு புடி ஆணிய வாயில போட்டுக்கிட்டு நாக்கால ஒண்ணொண்ணாத் தள்ளுவாரு. பழைய கூரையில புடுங்குன ஆணியக்கூட விடமாட்டாரு, கருமி!”

“நீ மட்டும் பையிலயா வச்சிருந்தே?”

“என் வால்வு நல்ல வால்வு மச்சான்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்தப் புட்டிகளைக் கொட்டிவிட வேண்டாம், இன்னும் பொறுத்துப் பாருங்கள் என்று பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டார். வாய்க் கிருமிகளில் சில ஆடி அசைந்துதான் வளருமாம். கடைசியில் அது வளர்ந்தது.

“ஆணி கொண்டுவந்த கிருமி இல்ல இது. உங்க வாயிலயே சும்மா கெடந்தது. ஆணி குத்திக் கிழிஞ்ச ஈறு வழியா ரத்தத்துல கலந்து இதயத்துல வந்து உக்காந்துருச்சு. இப்படி வர்றது ரொம்ப அபூர்வம்.”

“ஓசியில குடியிருந்தவன் உள்வீட்டையும் புடிச்சுக்கிட்டானா!” என்றான் கவ்ரிலா.

வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து இறங்கியது. முதலில் காய்ச்சல் போனது, பிறகு வேர்வை. கோடையில் பகல் தூக்கம் என்பதை அவன் வாழ்நாளில் கண்டதில்லை. இப்போது கூச்சமில்லாமல் குறட்டை விட்டான். ஆனாலும் மறுபடி ஸ்கேன் எடுத்த அன்று விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்துவிட்டான். வர்வரா வாசலில் நின்று சிலுவை போட்டபடியே இருந்தாள்.

டாக்டரம்மா திரையிலிருந்து திரும்பினார். “கூடு கரைஞ்சிருச்சு. பழைய ஒழுக்குதான் இருக்கு, அது அதிகமாகல. அறுக்க வேண்டாம். ஆனா பல்ல எல்லாம் சரி பண்ணாம கூரைப் பக்கமே போகக்கூடாது.”

“ஒழுகுனா ஒழுகட்டும்மா. எங்க புதுக் கூரையும் முதல் மழைக்குக் கொஞ்சம் ஒழுகும். மரம் ஊறுனா தானா அடங்கிரும்.”

“இது ஊறாது. வருஷா வருஷம் வந்து காட்டணும்.”

“வர்றேம்மா,” என்றான். அழுகை வரும் போலிருந்ததால் சட்டைப் பொத்தானைக் குனிந்து போட்டான்.

ஆஸ்பத்திரி முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து வர்வரா முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறிச்சோற்றை எடுத்தாள். தோதெர் நீட்டிய கையில் பட்டென்று ஓர் அடி போட்டாள்.

“எழவெடுத்தவனே, மொதல்ல அவரு சாப்பிடட்டும்.”

கவ்ரிலா ஒரு சுருளைத் தின்றான், இன்னொன்றுக்குக் கை நீட்டினான். கன்னத்தில் வெயில் பட, ஒரு அவசரமுமில்லாமல் மென்றான்.