உறைந்த கிரீஸ்

ரோவீனாவுக்குத் துப்பாக்கியைக் கண்டு பயமில்லை. மான் வேட்டைக்குப் போய் வளர்ந்தவள். கணவன் டெல்பர்ட்டின் "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்ற பேச்சைக் கேட்டால்தான் பயம்.

ராணுவம் கழித்துப்போட்ட பழைய எஸ்.கே.எஸ். துப்பாக்கி ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி வந்திருந்தான். துருப்பிடிக்காமலிருக்க அதைக் கிரீஸில் குளிப்பாட்டி அனுப்பியிருந்தார்கள். பிரித்துப்போட்டு, கொதிநீர் ஊற்றி, உள்ளே ஒரு சொட்டு விடாமல் எடுக்க வேண்டும். இந்த மகராசன் வெளியே மட்டும் துடைத்து மினுக்கியிருந்தான்.

மறுநாள் காலை, ஊருக்கு வெளியே ஜல்லி எடுத்த பள்ளத்தில் நின்றார்கள். மொன்டானா பனி காதைக் கடித்தது.

"போல்ட்டுக்குள்ள ஊசி ஆடுதா?"

"நேத்தே கராஜ்ல குலுக்கிப் பாத்தேன் தாயே. கடகடன்னுச்சு."

"கராஜ்ல ஹீட்டர் ஓடுது. இங்க?"

"ஆரம்பிச்சிட்டியா!"

போல்ட் தோட்டாவை உள்ளே தள்ளும், அதற்குள் இருக்கும் ஊசி குத்தி வெடிக்க வைக்கும். அந்த ஊசியைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் கிடையாது. குளிரில் கிரீஸ் இறுகினால், அது முன்னால் நீட்டியபடியே நின்றுவிடும். விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்கும், அடுத்ததும் வெடிக்கும். அவனுக்கும் இது தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

"முதல்ல ரெண்டே ரெண்டு தோட்டா போடுவோம்."

"ரெண்டுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" அது கொள்ளும் பத்துத் தோட்டாவையும் அவனே அழுத்தி நிரப்பிக் கொடுத்தான். கொடுத்துவிட்டுச் சும்மா பின்னால் நின்றிருக்கக் கூடாதா? போனில் படம் எடுக்கிறேன் என்று இடப்பக்கம் இரண்டடி முன்னால் போய் நின்றான்.

"பின்னால வா!"

"மூஞ்சி தெரிய வேணாமா? விடு!"

எதிர் மேட்டைப் பார்த்துக் குழலை நீட்டி, போல்ட்டை இழுத்து விட்டாள்.

வெடித்தது. நிற்கவில்லை. அவள் விரல் விசைப் பக்கமே போகவில்லை, ஆனாலும் சடசடவென்று வெடித்துக்கொண்டே இருந்தது. குழல் மேலே எழும்பி இடப்பக்கம் திரும்பியது. அங்கே டெல்பர்ட் நின்றான். ஐயோ, கீழே போட்டால் சுழன்று அவனைத்தான் சுடும்! வலது கையாலும் தாவிப் பிடித்து, உடம்பையே அதன்மேல் சாய்த்து, குழலைத் தரைக்கு அமுக்கினாள். மண்ணும் பனியும் முகத்தில் தெறித்தன. கத்தினாள், அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஒருவழியாகத் தோட்டா தீர்ந்தது.

டெல்பர்ட் பனியில் உட்கார்ந்திருந்தான்.

"பட்டுச்சா? டெல்பர்ட், பட்டுச்சா?"

அவன் வயிற்றையும் மாரையும் தடவிப் பார்த்தான். "இல்ல... ஒண்ணும் இல்ல." தவழ்ந்தே அவளிடம் வந்தான். "கெட்டிக்காரிடி நீ. வேற யாராவதுன்னா பயத்துல கீழ போட்டிருப்பாங்க."

ரோவீனாவின் கைகள் இன்னும் துப்பாக்கியை விடவில்லை.

"பிரிச்சு விடு. பயத்துல விரல் தொறக்க மாட்டேங்குது."

அவன் ஒவ்வொரு விரலாக, அழுதுகொண்டே பிரித்தான்.