கட்டிலின் நடுவே

அம்மாவுக்குச் சின்ன எழுத்துகள் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தன. அழுது அழுதுதான் கண் இப்படி ஆகிவிட்டது என்றாள் அக்கா. அழுகைக்கும் கண்ணின் பவருக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னேன். அது யார் காதிலும் விழவில்லை. என் குரல் அப்படி. வீட்டில் எனக்கு மௌனச்சாமி என்று பெயர்.

கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிப்பது என் வேலை. நீளமான, இருட்டான ஓர் அறை. எதிர்ச் சுவரில் வெளிச்சத்துடன் எழுத்துப் பலகை. அந்த இருட்டில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் அங்கே மட்டும் எனக்குப் பேச்சு வரும்.

அம்மாவைச் சனிக்கிழமை கடைக்கு அழைத்துப் போகச் சொன்னாள் அக்கா. சொல்லிவிட்டு, என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய் இன்னொன்றும் சொன்னாள். அத்தான் வேலையை விடப்போகிறாராம். திங்கட்கிழமை மேலாளரிடம் சொல்லிவிட்டு இங்கேயே வந்துவிடுவாராம்.

அத்தான் பொறியாளர். தூரத்து ஊர் ஒன்றில் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டும் வேலை, கல்லூரி நாளிலிருந்து அவர் ஆசைப்பட்ட வேலை, கிடைத்திருந்தது. வீடு பார்த்து, பெட்டி கட்டி, அக்காவும் அவரும் கிளம்ப இருந்த வாரத்தில் அப்பா இறந்துவிட்டார். அத்தான் மட்டும் முன்னால் போனார். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்ன அக்கா ஓராண்டாக இங்கேதான் இருக்கிறாள்.

"அம்மாவை இப்படி விட்டுட்டு எப்படிடி போறது? நீ இருக்கேதான். ஆனா நீ இருந்தா வீட்ல ஒரு நாற்காலி கூடுதலா இருக்கிற மாதிரி. வேலையை விடுறதை அம்மாகிட்ட சொல்லித் தொலைச்சுடாதே, உடைஞ்சு போயிடுவா."

நான் தலையாட்டினேன்.

தினமும் சாயங்காலம் அக்கா டீ போட்டு எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் சோபாவில் உட்காருவாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பற்றிப் பேசுவாள். அவர் சாவியைத் தொலைப்பது, தொலைத்துவிட்டு எங்களைத் திட்டுவது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அக்கா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்வாள். நான் எதிரே, சொன்ன மாதிரி, ஒரு நாற்காலியாக இருப்பேன்.

கடையில் அம்மாவை உட்கார வைத்து, கனமான சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டினேன். ஒரு லென்ஸைப் போட்டு எடுத்து, அடுத்ததைப் போட்டு, எது தெளிவு என்று கேட்டேன். அம்மா எல்லாவற்றுக்கும் நன்றாக இருக்கிறது என்றே சொன்னாள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சிலர் எங்களைத் திருப்திப்படுத்தவே பதில் சொல்வார்கள். பாவம், மாற்றி மாற்றிப் போடுகிறாளே என்று. அவர்களைக் கண்டுபிடிக்க, போட்ட லென்ஸையே வெளியே எடுத்து, தட்டில் ஒரு சத்தம் வரச்செய்து, திரும்ப அதையே போடுவோம். அம்மாவுக்கும் அப்படியே செய்தேன்.

"ஆங், இப்பதான் பளிச்சுன்னு தெரியுது," என்றாள் அம்மா.

"அம்மா, அது அதே லென்ஸ்."

"நீ இவ்வளவு மெனக்கெடுறியே," என்றாள்.

எனக்கு ஏதோ உறுத்தியது. வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டேன். 'நல்லாத்தான் இருக்கேன்' என்று தினமும் எங்களிடம் சொல்வதும் எங்களுக்காகத்தானா, உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கிறாளா என்பதுதான் என் பயம்.

அம்மா எழுத்துப் பலகையைப் பார்த்தபடியே பேசினாள்.

"இல்லடி. நல்லா இருக்கேங்கிறது நிஜம். அழுறதுதான் உங்க அக்காவுக்காக."

நான் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆரம்பத்தில் எல்லா அழுகையும் உண்மைதானாம். நெஞ்சு அடைத்து, சோறு இறங்காமல் கிடந்தாளாம். பிறகு எப்போது என்று தெரியாமல் அது தளர்ந்துவிட்டது. அக்கா குளிக்கப் போகும்போது அம்மா ரேடியோவை வைத்துக் கூடவே பாடுகிறாளாம். அக்கா கடைக்குப் போனால் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்புகிறாளாம். துப்பறியும் நாவல் படிக்கிறாளாம், போர்வைக்குள், டார்ச் வெளிச்சத்தில். கண் மங்கியதாக அவளுக்குத் தெரிய வந்ததே அதில்தான். கொலைகாரன் யார் என்று எழுதியிருந்த பக்கம் சரியாகத் தெரியவில்லை.

"அப்புறம் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதே. இப்பல்லாம் கட்டில்ல நடுவுல படுத்துத் தூங்குறேன். உங்கப்பா இருந்தவரைக்கும் ஓரமா, கயித்து மேல நடக்கிறவ மாதிரி படுத்திருப்பேன். நடுவுல படுத்தா நல்லா இருக்கு. அவர் இல்லைன்னு வலிக்கவும் செய்யுது. ரெண்டும் ஒரே படுக்கையிலதான் கிடக்கு."

மனிதர்கள் தாங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். தேறிய ஒருத்தி அதை ஒளித்துக்கொண்டு திரிய வேண்டிவரும் என்று அந்தப் பாடத்தில் இல்லை.

ஏன் அக்காவிடம் சொல்லவில்லை என்றேன். புருஷனை விட்டுவிட்டுத் தனக்காக உட்கார்ந்திருக்கிறவளிடம், நான் பாட்டுப் பாடுகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது என்று கேட்டாள். அவள் முகம் வாடிவிடுமே. அதற்கு நாலு சொட்டுக் கண்ணீர் விடுவது சுலபம்.

அக்காவுக்கு நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை, தலைதான் ஆட்டியிருந்தேன். கையிலிருந்த லென்ஸைத் தட்டில் வைத்தேன்.

"அம்மா, அத்தான் வேலையை விடப்போறார். திங்கக்கிழமை. உனக்காக."

அம்மா ஃபிரேமைக் கழற்றினாள். மூக்கில் இரண்டு பக்கமும் சிவந்திருந்தது. "கண்ணாடி ஓடிப்போயிடாது. கிளம்பு," என்றாள்.

வீட்டுக்கு வரும் வழி முழுவதும் சொல்லப்போவதை ஒத்திகை பார்ப்பவள் போல, அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஆனால் சோபாவில் அக்கா டீயோடு காத்திருந்ததைப் பார்த்ததும், பழக்கம், கண்ணைத் துடைக்க முந்தானை மேலே போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"அக்கா, அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

நான் சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் நல்லா இருக்கேன்," என்றாள் அம்மா.

"எனக்காகச் சொல்லாதேம்மா."

"இல்லடி, நெஜமாவே நல்லா இருக்கேன். கொஞ்ச நாளாவே."

அக்கா நம்பவில்லை. இத்தனை வருடம் காய்ச்சலிலும் கடனிலும் அம்மா இதையே சொல்லியிருக்கிறாள், யார் நம்புவது? அதனால் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். ரேடியோ, பஸ், போர்வைக்குள் டார்ச். கட்டிலைப் பற்றிச் சொன்னபோது மட்டும் குரல் இறங்கியது. அக்கா டீ டம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"அப்ப நான் இங்க இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தேன்?"

அம்மா பார்க்கப் பயந்த முகம் அதுதான். அவள் என்னைப் பார்த்தாள். எதிர் நாற்காலியிலிருந்து ஓராண்டாகப் பார்க்கிறேனே. சாவிக் கதையைத் தினமும் ஆரம்பித்தது அம்மா அல்ல.

"நீதான் அப்பாவைப் பத்திப் பேசினே, அக்கா. பேசாம உன்னால இருக்க முடியல."

அக்கா வாயைத் திறந்தாள். கோபப்படப் போகிறாள் என்று நினைத்தேன். அப்பா போன அன்று வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டவள் அவள். ஆஸ்பத்திரிக்கும் அலுவலகங்களுக்கும் அலைந்தவள் அவள். அவள் அழுது நான் பார்த்ததேயில்லை. இப்போது அவள் முகம் சின்னப் பிள்ளையின் முகம் போலக் கோணியது. அம்மா நகர்ந்து உட்கார்ந்து, இந்த முறை தன் தோளைக் கொடுத்தாள்.

அக்கா நெடுநேரம் அழுதாள், சத்தமாக, மூக்கைச் சிந்திக்கொண்டு. அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அம்மா அழவில்லை. அழாததை மறைக்கவும் இல்லை.

"மிச்சத்தை அங்க போய் அழு," என்றாள் கடைசியில். "உன் புருஷன் தோள் எதுக்கு இருக்கு? எனக்கு வயசாச்சுடி, வலிக்குது."

அக்கா அழுகையின் நடுவே சிரித்துவிட்டாள். சிரித்ததும் ஒரு கணம், ஏதோ திருடியவள் போல, அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அக்கா போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். அத்தான் வழக்கம்போல முதலில் அம்மாவைத்தான் விசாரித்திருக்க வேண்டும்.

"அம்மா நல்லா இருக்காங்க," என்றாள் அக்கா. கொஞ்சம் நிறுத்தினாள். "நான்தாங்க நல்லா இல்ல. திங்கக்கிழமை யார்கிட்டயும் எதுவும் பேசாதீங்க. நான் வர்றேன்."

அவர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா எழுந்து வந்து, அவளுக்குக் கேட்காதபடி, பரணில் இருக்கும் அக்காவின் பெரிய பெட்டியை இறக்கும்படி என்னிடம் சொன்னாள். ஸ்டூல் ஆடியது. நான் ஏறினேன், அம்மா என் கால்களைப் பிடித்துக்கொண்டாள்.