கழுவிய பாட்டில்கள்

புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் தெருமுனையில், காலி பாட்டில்கள் சேர்க்கும் இடத்தில், ஹமகுச்சி அக்கா பழுப்புக் கூடைக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கூடையில் ஐந்து பெரிய சாகே மதுப் பாட்டில்கள் இருந்தன. நாங்கள் வருவதற்கு முன்பே யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"சுமியே, உடம்பெல்லாம் நல்லாயிருக்கா?"

திரும்பவும் குடிக்க ஆரம்பித்துவிட்டாயா என்று கேட்பதற்கு எங்கள் தெருவில் இதைவிட நாகரிகமான வழி கிடையாது. நல்லாத்தான் இருக்கேன் என்றேன். "இல்ல, வெயில் காலமாச்சே, அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா தன் வீட்டுச் சுவரோரம் இருந்த செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனாள். விட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் என்னையே பார்த்தாள்.

மாதத்தில் இரண்டு புதன்கிழமை பாட்டில் நாள். வெள்ளைக் கண்ணாடிக்கு ஒரு கூடை, பழுப்புக்கு ஒன்று, மற்ற நிறங்களுக்கு ஒன்று. வீட்டுக்கு வீடு முறைவைத்துக் காவல் நிற்க வேண்டும். இந்தக் கோடையில் என் முறை. வகாசா கடலோரத்தில் எங்கள் தெரு ரொம்பச் சின்னது. யார் வீட்டில் சோயா சாஸ் சீக்கிரம் தீர்கிறது என்பது வரைக்கும் அந்தக் கூடைகளுக்குத் தெரியும். ஆறு வருஷம் நான் அந்தக் கூடைகளை ஏமாற்றினேன். பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதாமல் துண்டில் சுற்றி, விடிவதற்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, பூனை மாதிரி வீடு திரும்புவேன். அதனால் அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். அவள் இடத்தில் நான் இருந்தாலும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

ஆனால் இந்த ஐந்தும் என்னுடையவை இல்லை. அப்படியானால் யாருடையவை? இந்த விஷயத்தில் எனக்குக் கைதேர்ந்த அனுபவம் உண்டு. ஒரு பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். லேபிள் உரிக்கப்பட்டிருந்தது. உள்ளே துளிகூட வாசனை இல்லை. தலைகீழாகத் திருப்பினேன். அடியில் உள்ள குழிவு, யாருமே விரல் விடாத அந்த இடம், பளிச்சென்று இருந்தது. அடுத்ததும் அப்படியே. ஐந்துமே அப்படித்தான்.

பாட்டிலின் அடியைக் கழுவுகிற மனுஷன் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான்.

பதினாலு மாதத்துக்கு முன்பு நான் மேட்டுக்கோயில் ஜென் மடத்துக்குப் போனேன். என் மகள் சிஹோ, "நீ குடிக்கிற வரைக்கும் என் பிள்ளை உன் வீட்டுப் படி ஏறாது" என்று சொல்லிவிட்ட வாரம் அது. ஞாயிற்றுக்கிழமை தியானத்துக்குப் பிறகு மடத்துக் குரு ரியூகெய் சாமியைத் தனியாகப் பார்க்கலாம். வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் மணியைத் தட்டிவிட்டு உள்ளே போகவேண்டும். பெரிசாக ஏதோ சொல்லப்போகிறார் என்று போனேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "குடிக்கணும்னு தோணுச்சுன்னா ஒரு கிண்ணத்தக் கழுவுங்க. உள்ளே, வெளியே, அடியில. கழுவி முடிச்சப்புறமும் தோணுச்சுன்னா குடிங்க." கையில் இருந்த சின்ன மணியை ஆட்டிவிட்டார். அவர் ஆட்டினால் நாம் எழுந்து போய்விட வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் படியில் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஆனால் கழுவினேன். ஒரு நாள் பதினோரு தடவை கழுவினேன். கிண்ணத்தில் இருந்த நீலப்பூ அழிந்துவிட்டது. நான் குடிக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை மத்தியானமே சிஹோவின் போன் வந்தது.

"ஹமகுச்சி பெரியம்மா பேசினாங்க. நீ சத்தியமா சொல்லு, குடிக்கறியா?"

"இல்லடி."

"அப்ப அந்த பாட்டிலெல்லாம் யாரோடது?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பெயர்தான். சொல்லியிருந்தால் ஆகஸ்டில் பேத்தி மூன்று நாள் என்னோடு இருந்திருப்பாள், அப்படித்தான் பேச்சு. ஆனால் சொல்லவில்லை. மரியாதையால் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது பயம். அவர் குடிகாரர் என்று என் வாயால் சொல்லிவிட்டால், நாளைக்கு நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

"தெரியலம்மா" என்றேன்.

"சரி. ஆகஸ்ட் பத்தி யோசிச்சு சொல்றேன்."

போனை வைத்ததும் தொண்டை வரைக்கும் தாகம் வந்தது. மூன்று தெரு தள்ளி கடை. செருப்பு மாட்டப் போனவள் திரும்பி வந்து கிண்ணத்தை எடுத்தேன். எடுத்ததும் ஒரு விபரீத ஆசை வந்தது. சொன்னவரே குடிக்கிறார் என்று தெரிந்தபிறகும் இது வேலை செய்யுமா? பார்த்துவிடலாம் என்று கழுவினேன். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது தடவை அழுதேன். ஏழாவது தடவை பசித்தது. சாதத்தில் ஊறுகாய் முள்ளங்கியைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். விழித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கூடையிலிருந்து அன்றே எடுத்து வைத்திருந்த ஒரு பாட்டிலைத் துணியில் முடிந்துகொண்டு வரிசையில் உட்கார்ந்தேன். மணியைத் தட்டி, உள்ளே போய், மூன்று முறை விழுந்து வணங்கி, முடிச்சை அவிழ்த்து அவர் முழங்காலுக்கு முன்னால் பாட்டிலை வைத்தேன்.

ரியூகெய் சாமி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர். கிட்டத்தில் பார்த்தால் மூக்கின் இரண்டு பக்கமும் குடிக்கிறவர்களுக்கு வருகிற மெல்லிய சிவப்பு நரம்புகள். இத்தனை நாள் அதை நான் எப்படிப் பார்க்காமல் போனேன்?

"அடியையும் கழுவியிருக்கீங்க சாமி. அதான் மாட்டிக்கிட்டீங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"இருபத்தாறு வயசுல எங்க குரு எனக்குச் சொன்னாரு, கிண்ணத்தக் கழுவுன்னு. முப்பத்தஞ்சு வருஷமா கழுவறேன். கழுவிட்டு குடிக்கறேன். குடிச்சிட்டு பாட்டில கழுவறேன்."

"உங்களுக்கே பலிக்காதத எனக்கு எதுக்குச் சொன்னீங்க?"

"என்கிட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு."

"தெருவுல அது என் பாட்டில்னு பேசறாங்க. என் பொண்ணும் அப்படித்தான் நினைக்கறா."

அவர் முகம் வெளிறிவிட்டது. இதை அவர் யோசித்தே இருக்கவில்லை என்று தெரிந்தது. அதற்காகவே ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. கையில் மணியை எடுத்தார். சரி, போகச் சொல்கிறார் என்று எழப்போனேன். அவர் ஆட்டவில்லை.

"உங்களுக்கு நின்னுடுச்சுன்னு சொன்னீங்க இல்ல? நான் நம்பவே இல்ல. பொய் சொல்றீங்கன்னு நினைச்சேன்." முன்னால் சாய்ந்தார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவ கழுவினீங்க?"

"அதிகமா போனா பதினொண்ணு."

"பன்னெண்டாவது தடவைக்கு முன்னால என்ன ஆச்சு?"

மடத்தில் அவர்தான் கேள்வி கேட்பார், ஆனால் விடை அவருக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கேள்விக்கு அவருக்கு நிஜமாகவே விடை தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் யோசித்தோம். வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள்.

அடுத்த பாட்டில் நாளன்று காலை ஏழரை மணி. தெருவே கூடியிருந்த நேரம். மேட்டிலிருந்து கிணுங் கிணுங் என்று சத்தம் வந்தது. ரியூகெய் சாமி கறுப்பு அங்கியோடு, வெட்டவெளிச்சத்தில், இரண்டு கையிலும் பையோடு இறங்கி வந்தார். என்னைப்போல பாட்டிலுக்குத் துண்டு எதுவும் சுற்றவில்லை. மூன்று காலி பாட்டில்களைப் பழுப்புக் கூடையில் வைத்தார்.

"ஹமகுச்சி அம்மா, இது என்னோடது. போன தடவை வெச்ச அஞ்சும் என்னோடதுதான்."

அக்காவின் கையிலிருந்த ரப்பர் குழாய் அவள் காலையே நனைத்துக்கொண்டிருந்தது. அவர் நாலாவது பாட்டிலை எடுத்தார். அது காலி இல்லை. மூடிகூடத் திறக்கவில்லை.

"இத சாக்கடையில ஊத்தணும். தனியா முடியல. சுமியே, பக்கத்துல நிக்கறீங்களா?"

எல்லாரையும் விட்டுவிட்டு என்னிடம் கேட்கிறார்! வாசனை எழும்பினால் என் கால் எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் நின்றேன். மூடியை அக்காதான் திருகித் திறந்தாள். சாக்கடையில் கொட்டக் கொட்ட அந்த வாசனை வெயிலில் கிளம்பி முகத்தில் மோதியது. எனக்கு வாயில் நீர் ஊறியது. அவரைப் பார்த்தேன். அவரும் விழுங்கினார்.

"சிஹோகிட்ட இப்பவே பேசறேன்" என்று அக்கா சொல்லி, நனைந்த கையால் போனைத் தேடினாள்.

"அப்புறம் பேசலாம்க்கா. முதல்ல அந்தக் குழாயக் குடுங்க."

குழாயை வாங்கி அவர் கையில் கொடுத்தேன். அவர் பாட்டிலின் உள்ளே கழுவினார். வெளியே கழுவினார். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பினார். எத்தனை தடவை என்று நான் எண்ண ஆரம்பித்தேன்.