பிசிறில்லாத சாம்பிள்

கேஸ்கெட்காரரின் வாழ்நாள் சாதனை ஒரு கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. அதையும் அவர் செய்யவில்லை, அவர் மனைவி செய்தது.

மின்சாரக் கார் கம்பெனியின் தரப் பிரிவில் நின்றது அந்த அலமாரி. உதிரி பாகம் கொடுக்கும் ஒவ்வொரு பட்டறையின் சாம்பிளும் சீட்டுக் கட்டி, முத்திரை வைத்து, அதற்குள் உட்கார்ந்திருக்கும். அவருடையது இரண்டாம் தட்டில் மடித்து வைத்த, நாலு மூலையுள்ள ஒரு பெரிய கறுப்பு ரப்பர் வளையம். பேட்டரிப் பெட்டிக்கும் அதன் மூடிக்கும் நடுவில் போய் உட்கார்ந்து, தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்கிற கேஸ்கெட். இனி அவர் பட்டறையிலிருந்து வருகிற ஒவ்வொன்றும் அச்சு அசல் இதைப் போலவே இருக்க வேண்டும். சாம்பிள் என்றால் அதுதானே.

அங்கேதான் வந்தது வினை. எந்திரத்தில் அழுத்தி எடுக்கும் ரப்பரின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு பிசிறு நிற்கும். சாம்பிளையும் எந்திரத்தில் வந்தபடியேதான் கொடுத்திருக்க வேண்டும். அவர் அதைப் பொட்டலம் கட்ட வீட்டுக்குக் கொண்டுபோனது முதல் தப்பு. சாப்பாட்டு மேஜையில் வைத்தது இரண்டாவது.

"என்னங்க இது, ஓரமெல்லாம் மீசை முளைச்சிருக்கு?" என்றாள் மனைவி.

"அது பிசிறு. எல்லாத்துலயும் இருக்கும்."

"போட்டோ எடுக்கப் போறப்ப தலை சீவாமயா போவாங்க? உங்களுக்குச் சீவ ஒண்ணும் இல்ல, அது வேற விஷயம். இதுக்காவது சீவி விடுறேன்."

அவருடைய சவர பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், சாயங்காலம் முழுக்க எழுந்திருக்கவில்லை. ஒரு மூலையில் பிளேடு வழுக்கி, எறும்பு கடித்த அளவுக்குப் பள்ளம் விழுந்தது. மகள் போனில் கூப்பிட்ட நேரம் அது. "உன்னாலதான்டி" என்று மகளைத் திட்டிவிட்டு மீதியை வெட்டினாள். கம்பெனியில் சாம்பிளைத் தடவிப் பார்த்து ஆகா ஓகோ என்றார்கள். அவரும் தானே செய்தது மாதிரி கூச்சப்பட்டுக்கொண்டார்.

வீடு முழுக்கக் கறுப்பு நூல்கள். அவள் பெருக்கினால் குப்பை இடம் மாறுமே தவிர, வீட்டை விட்டுப் போகாது.

அடுத்த மழைக்காலத்தில் அவள் இல்லை. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை.

அதற்கப்புறம் அவர் பெருக்கத் தொடங்கினார். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. செருப்புக்குள், மெத்தை மடிப்பில், பீரோ அடியில் என்று ரப்பர் நூல்கள் வந்துகொண்டே இருந்தன. "போனப்புறமும் உன் குப்பையை நான்தான் அள்ளணுமா?" என்று முனகிக்கொண்டே ஒவ்வொன்றையும் எடுத்துத் தெருக்கோடித் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

இன்று காலையில் தரப் பிரிவு மேடம் அவரை அவசரமாகக் கூப்பிட்டிருந்தாள். அரசு வங்கி அந்தக் கம்பெனிக்குக் கடனைத் தவணை தவணையாகக் கொடுக்கிறது. அடுத்த தவணைக்கு முன் வங்கி அதிகாரி வந்து, ஒவ்வொரு பட்டறையின் சரக்கையும் சாம்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒன்று பொருந்தாவிட்டாலும் தவணை நின்றுவிடும். அதனால் பொருந்தாத பட்டறையைக் கம்பெனியே முன்கூட்டிக் கழற்றிவிடும். கேஸ்கெட்காரரோ பழைய டீசல் எஞ்சின் அச்சுகளையெல்லாம் இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு, இந்த ஒரு வேலையை நம்பிப் பட்டறையையே திருப்பி வைத்திருந்தார்.

"சார், உங்க சாம்பிள் ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் பிரச்சினை."

"நல்லா இருக்கறது ஒரு பிரச்சினையா மேடம்?"

"உங்க மெஷினுக்கு அவ்வளவு நல்லா வரலையே."

"ஆள் போட்டுக் கையால வெட்டிடறேன்."

"கார் ஆயிரக்கணக்குல போகப் போகுது. ஊரையே கூட்டிட்டு வந்து உட்கார வைப்பீங்களா? சுலபமான வழி சொல்றேன். மெஷின்ல வந்தபடி புதுசா ஒரு சாம்பிள் கொடுங்க. பிசிறு இருந்தாலும் தண்ணி புகலைன்னு சோதிச்சாச்சு. பழசை ரத்து பண்ணிடலாம்."

அவருக்கு உயிர் வந்தது. "ரொம்ப சரி மேடம். பழசை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்."

"அது முடியாது சார். ரத்தான சாம்பிள் வெளிய போகக் கூடாது. ரெண்டு இருந்தா எது நிஜம்னு குழப்பம் வரும். கொடுத்தவரே எங்க கண் முன்னாடி வெட்டிடணும். துண்டை அரவை மெஷின்ல போட்டுடுவோம். இங்க எல்லாருக்கும் அதே வழக்கம்தான்."

கத்தரிக்கோல் மேஜைக்கு வந்தது. பின்னாலேயே வளையமும் வந்தது. சீட்டை அறுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். மூலையில் அந்தப் பள்ளம் இருந்தது. விரல் அங்கே நின்றுவிட்டது.

"வளையம் மேடம். ஒரு வெட்டு வெட்டினா ரெண்டாகாது, நீளமாத்தான் ஆகும்."

"அப்ப ரெண்டு வெட்டு சார்." சிரித்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. இது வீட்ல செஞ்சது."

"வீட்லயா? யாரு?"

"வீட்டுக்காரம்மா."

"அட, அவங்களையே இந்த வேலைக்கு வச்சிருக்கலாமே."

"கேட்டுப் பார்த்தேன் மேடம். வர முடியாதுன்னுட்டாங்க."

பட்டறையில் இருக்கிறவர்கள் மனதில் வந்து வரிசையாக நின்றார்கள். அவர் மனைவி இங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதும் தெரியும். "ஒரு ரப்பருக்குப் போயா இவ்வளவு யோசனை? வெட்டித் தொலைங்க." நல்ல ரப்பர் லேசில் வெட்டுப்படாது. அப்படிச் சொல்லித்தான் அவர் இத்தனை வருஷம் வியாபாரம் செய்தார். கத்தரிக்கோலை இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வெட்டு, வெகுதூரம் தள்ளி இன்னொன்று. அந்த மூலையை மட்டும் வெட்டாமல் விட்டார். அரவை எந்திரத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

மதியம் வங்கி அதிகாரி வந்தார். பிசிறுள்ள புது சாம்பிளையும் பிசிறுள்ள சரக்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்லா பொருந்துது" என்று அடுத்த பாகத்துக்குப் போனார். காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது.

வெளியே வந்து பட்டறைக்குப் போன் போட்டார். மேஸ்திரியம்மா எடுத்தாள். "என்னண்ணே, நாளைக்கு வேலைக்கு வரலாமா?"

"வாங்க. எல்லாரும் வாங்க."

"அண்ணி புண்ணியம்" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேஜையை நகர்த்தினார். ஒன்றும் இல்லை. மெத்தையைப் புரட்டினார். சோபாவின் மடிப்புக்குள் கையை விட்டார். பல்லி முட்டை ஓடுகூட இல்லாத வீடு. மகள் போன் செய்தாள்.

"என்னப்பா, மூச்சு வாங்குது?"

"பீரோவை நகர்த்திட்டு இருக்கேன்."

"இந்த வயசுல எதுக்கு அதெல்லாம்?"

"அம்மா வெட்டிப் போட்ட ரப்பர் நூல் ஒண்ணு தேடறேன். சின்னதா இருந்தாலும் போதும்."

"அதைத்தான் எல்லாம் பெருக்கித் தள்ளிட்டீங்களே. போன தடவை வந்தப்ப எங்கயாவது ஒரு தூசி காட்டுன்னு என்கிட்டயே பந்தயம் கட்டலையா?"

"ஆமா, கட்டினேன்."

"யாருப்பா ஜெயிச்சது?"

அவர் போனைக் காதில் இடுக்கியபடி தரையில் படுத்து, பீரோவுக்கு அடியில் கையைத் தோள்வரை விட்டு மெல்லத் துழாவினார். சுவர் வரைக்கும் சுத்தமாக இருந்தது.

"நான்தான்மா" என்றார்.